மாமன் தொடையில் ஒரு ஷேர் ஆட்டோ

என் மகள் யாழினி முதன்முதலாகத் தானாக உட்கார்ந்த அன்று எங்கள் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அப்படி அவள் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதை எழுத இப்போதுதான் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. அடுத்த எக்ஸ்ரே எடுக்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. பூந்தமல்லியில் நாங்கள் போகும் பிசியோதெரபி மையத்தின் வாசல் பெஞ்சில் புதிதாக வந்த அம்மா யாராவது ஒருத்தி எப்போதும் உட்கார்ந்திருப்பாள். வளர்ந்த பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் ஏந்திக்கொண்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான். டாக்டர் சொன்னால் ஒரு மாதிரி இருக்கும், பெற்றவள் சொன்னால் ஒரு மாதிரி இருக்கும். பெற்றவள் சொல்கிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

நான் வெள்ளானூர்க்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டையில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தாலோ, தையல் ஒரு நூல் கோணியிருந்தாலோ ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தக் கண்ணைக் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. வீட்டில் சாம்பாரிலிருந்து சாமி படம் வரைக்கும் எதையும் விடமாட்டேன். "மாமாவை மட்டும் எப்படிக்கா பாஸ் பண்ணே?" என்று என் தம்பி பாபு என் வீட்டுக்காரரைக் காட்டிக் கேட்பான். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். வாய்க்கும் வண்டிக்கும் பிரேக் கிடையாது.

இவ்வளவு குறை கண்டுபிடிக்கிறவள், சொந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். யாழினி மாதம் நிறையாமல் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் சில வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள். உயிரோடு கொடுத்தார்களே என்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறகு அவள் வயதுப் பிள்ளைகள் தவழ்ந்தார்கள், உட்கார்ந்தார்கள். இவள் படுத்த இடத்திலிருந்து சிரித்தாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் இரண்டு காலும் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். ஜட்டி மாற்ற வேண்டுமென்றால் தொடைகளைப் பிரிக்கவே முடியாது. நான் பார்த்தேன். பார்த்ததை வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று பயந்தேன். சொந்தக்காரர்களும் வசதியாக ஒரு பதில் வைத்திருந்தார்கள். "அவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்."

கடைசியில் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா ஒருவர் காலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே நின்ற நேரத்தில் என் வீட்டுக்காரர் முருகேசன் யாழினியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் அதுவரை ஒரு நாளும் தரையில் வைக்காத செருப்பு. அடிப்பக்கம் அழுக்கே இல்லாமல் கடையில் வாங்கியபடியே இருந்தது. அவர் திருமழிசையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க இரும்பைக் கையாளுகிற அந்தக் கை அன்றைக்கு அந்தச் செருப்பின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தது.

டாக்டர் ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி என்றார். தமிழில் மூளைவாதம். பெயரைக் கேட்டுப் பயந்தேனே தவிர, அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிறக்கும் சமயத்தில் மூளையில் ஒரு சின்ன இடம் அடிபட்டுவிடுகிறது. அந்த அடி மேலும் பெரிதாகாது, மற்றவர்களுக்கும் தொற்றாது, ஆனால் போகவும் போகாது. மூளையிலிருந்து தசைகளுக்குப் போகிற உத்தரவு தாறுமாறாகப் போகிறது. சில தசைகள் எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். சில தசைகள் தொளதொளவென்று கிடக்கும். யாழினிக்குக் கால்கள் இறுக்கம், வயிறும் முதுகும் தளர்ச்சி. நடு உடம்பு நிற்காததால் அவளால் உட்கார முடியவில்லை. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும், பேச்சுதான் மெதுவாக வரும்.

"எப்ப சார் சரியாவும்?" என்று கேட்டேன்.

"சரியாகறதுன்னு இல்லம்மா. எவ்வளவு நல்லா சமாளிக்கக் கத்துக்கறாங்கறதுதான். பிசியோதெரபியை விடாதீங்க."

அன்று பஸ்ஸில் வீடு திரும்பினோம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஆவடியில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரரோடு சண்டை போட்டேன். அவர் பாவம், சில்லறைதான் இல்லை என்றார்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு இடத்தில் கை கால் நீட்டி மடக்குகிற பயிற்சியை ஆரம்பித்தோம். இரண்டு வயது தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் பிடிக்கவில்லை, தலையணை முட்டுக் கொடுக்கவில்லை. முழங்காலை முன்னால் மடக்கி, பாதங்களை இரண்டு பக்கமும் வெளியே விரித்து, நடுவில் பிட்டம் தரையில் பட உட்கார்ந்திருந்தாள். தவளை உட்காருமே, அப்படி. இரண்டு கையும் சும்மா இருந்தன. அந்தக் கைகளால் ஒரு டம்ளரை எடுத்துத் தரையில் தட்டினாள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளெல்லாம் வந்துவிட்டன. பாபு வண்டியைப் பாதி டிரிப்பில் விட்டுவிட்டு வந்து வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான். அதற்குப் பிறகு யார் வந்தாலும், "பாப்பா, குந்திக் காட்டு" என்று நாங்களே காலை மடித்துவிட்டு உட்காரவைப்போம். அவள் பெருமையாகக் கைதட்டுவாள். கேசரி கொடுத்தது அந்த நாளில்தான்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் பூந்தமல்லி மையத்துக்குப் போனோம். மெட்ரோ வேலைக்காக ரோட்டை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். தூசியில் முக்காடு போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் போய், மாடிக் கூடத்தில் பாயில் இறக்கினேன். குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் பெனிட்டா நாகர்கோவில் பக்கத்துப் பெண், சின்ன வயசு. "எங்க பாப்பா தானா உக்காருவா மேடம்" என்று யாழினியைத் தவளையாக உட்காரவைத்துக் காட்டினேன். பெனிட்டா முகத்தில் நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. மெதுவாகக் குனிந்து பாதங்களை முன்னால் எடுத்துவிட்டார். யாழினி பொத்தென்று பின்னால் சாய்ந்தாள். பெனிட்டாவின் கை ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தது.

"அக்கா, இப்படி உட்காரவே விடாதீங்க."

"இது ஒண்ணுதான் மேடம் அவளா செய்யறா."

"தெரியுது அக்கா. ஆனா அவ உட்காரல. ரெண்டு காலையும் ரெண்டு பக்கம் முட்டுக் கொடுத்து மாட்டி வச்சிருக்கா. முதுகும் வயிறும் வேலையே செய்யல. தொடையும் உள்பக்கமா முறுக்கிக்கிட்டே போகுது."

என்னோடு வந்திருந்த பாபுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா மேடம் சொல்றீங்கோ? வண்டிக்கு டபுள் ஸ்டாண்டு போட்டா மாரியா?"

"ஆமா அண்ணா. வண்டி ஓடணும்னா ஸ்டாண்டை எடுக்கணும்ல?"

இடுப்பை எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். எடுத்தோம். எலும்பு டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து விளக்கினார். தொடை எலும்பின் மேல்நுனியில் ஒரு பந்து இருக்கிறது, இடுப்பில் அதற்கு ஒரு குழி இருக்கிறது, பந்து குழிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். இறுகிய தசைகள் இழுப்பதால் யாழினிக்கு இடது பக்கப் பந்து குழியை விட்டு வெளியே நழுவ ஆரம்பித்திருக்கிறது. வலது பக்கம் பரவாயில்லை. அவர் விரலால் காட்டும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வலதும் இடதும் ஒன்றாக இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தசையைத் தளர்த்த ஊசி போடலாம். அப்புறம் பயிற்சி. ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுப்போம். அதுக்குள்ள இன்னும் வெளிய வந்துடுச்சுன்னா ஆபரேஷன்தான். எலும்பை வெட்டித் திருப்பி வைக்கணும்" என்றார்.

எலும்பை வெட்டி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. படியிறங்கும்போது பாபு பொரிந்துகொண்டே வந்தான். "இன்னாக்கா இது, கொயந்த இப்பத்தான் குந்திகீது. அதையும் வாணாங்கிறாங்கோ. நாளைக்கு மூச்சும் வுடக் கூடாதும்பாங்களா?" எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தை நான் பார்த்துவிட்டேன், அவன் பார்க்கவில்லை.

ஊசி போட ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இறுகிக் கிடக்கும் தசையைக் கொஞ்ச காலத்துக்குத் தூங்கவைக்கிற ஊசி அது. சில மாதம்தான் வேலை செய்யும், அதற்குள் மற்ற தசைகளைப் பழக்கிவிட வேண்டும். சின்னப் பிள்ளை என்பதால் மயக்கம் கொடுத்துப் போட்டார்கள். போட்ட பிறகு இரண்டு காலுக்கும் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. கண் விழித்ததும் யாழினி அழவில்லை. தன் கால் எங்கே என்று தேடினாள். வெள்ளையாக இரண்டு கட்டை கிடப்பதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். காப்பீட்டு அட்டை கொஞ்சம் தாங்கியது. மீதியைப் பற்றி ஆரம்பித்தால் இது வேறு கதையாகிவிடும்.

பக்கத்துப் படுக்கையில் திருத்தணிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். எட்டு வயதிருக்கும். எங்களுக்கு வந்துவிடக் கூடாது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த அதே ஆபரேஷன் அவனுக்கு முடிந்திருந்தது. வயிற்றிலிருந்து கணுக்கால் வரை கட்டு, கால்கள் சேராமலிருக்க நடுவே ஒரு குச்சி. புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டும். கட்டுக்குள் அரித்தால் சொறிய முடியாது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பான். அவன் அம்மா தைரியசாலி. எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார். "உனக்கு நேரத்துக்குச் சொல்லிட்டாங்கம்மா. எங்களுக்குப் படம் எடுக்கணும்னே யாரும் சொல்லல, வலிக்குதுன்னு இவன் கத்தினப்புறம்தான் தெரிஞ்சுது" என்றார். அந்த டீயைக் குடித்தபடியே அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தினமும் பார்த்தேன். இன்றைக்கும் எங்காவது மாவுக்கட்டைப் பார்த்தால் நடுவே குச்சி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

வார்டில் எல்லோரும் எங்களிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். முருகேசன் ஷிப்ட் முடிந்து கிரீஸ் வாசனையோடு நேராக வந்து யாழினியின் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார், கட்டுக்கு வெளியே சூடாக இருக்கிறதா என்று. நர்ஸ் சொல்லித்தந்தது அது. விரல் சில்லிட்டாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே சொல்ல வேண்டும். கம்பெனியில் என் மேஜைப் பெண்கள் கட்பீஸ் துணியைச் சேர்த்துத் தைத்து, பஞ்சு அடைத்து, உருளைத் திண்டு ஒன்று செய்து அனுப்பினார்கள். குப்புறப் போட்டு நெஞ்சுக்கடியில் வைத்தால் பிள்ளை தலையைத் தூக்கிப் பழகலாம் என்று பெனிட்டா சொன்னதை அவர்களிடம் சொல்லியிருந்தேன். அதில் இரண்டு இடத்தில் தையல் கோணல். நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, கட்டுப் பிரித்த பிறகுதான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. தவளை உட்காரலை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாகக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. காலை முன்னால் நீட்டி உட்காரவைத்தால் பின்னால் விழுந்தாள். சம்மணம் போட்டால் பக்கவாட்டில் விழுந்தாள். யாருக்கும் தெரியாமல் முழங்காலை மடக்கிப் பழையபடி தவளையாகிவிட்டு, கைதட்டி என்னைக் கூப்பிடுவாள். முன்பு அதற்குத்தானே தெருவே கைதட்டியது? நான் போய்ப் பாதங்களை இழுத்து முன்னால் விடுவேன். அவள் விழுவாள், அழுவாள். சரியாகச் செய்த பிள்ளையை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிற மாதிரி பார்ப்பாள். அந்த நாட்களில் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

காதுகுத்துப் பேச்சு வந்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் வழக்கத்தில் ஒற்றைப்படை வயதில், குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். முதல் வயதில் பெட்டியும் ஆஸ்பத்திரியுமாக இருந்ததால் தள்ளிப் போனது. மூன்று வயது வந்துகொண்டிருந்தது. பெரியப்பா ஒருத்தர், "குந்தவே முடியாத கொயந்தைக்குக் கூட்டம் கூட்டிக் காது குத்தணுமா? ஊட்டோட முட்ச்சுக்கினா போச்சு" என்றார். பாபு எழுந்து நின்றுவிட்டான்.

"என் மட்லதான் குந்தும். கோயில்லதான் குத்தணும். தோடு வாங்கி வச்சிகீறேன் பெரீப்பா, நீ வந்து சாப்ட்டுப் போ, போதும்."

சொல்லிவிட்டான், ஆனால் உட்கார முடியாத பிள்ளையை எப்படி உட்காரவைப்பது? மடியில் படுக்கப்போட்டு, நாலு பேர் கைகாலைப் பிடித்துக் காது குத்துவதை ஊரே வேடிக்கை பார்க்கும். வண்டியில் வரும்போது அந்தக் காட்சிதான் என் கண்ணில் நின்றது.

பெனிட்டாவிடம் பாபுவே போய்க் கேட்டான். "மேடம், எம்மாம் நாளு ஆனாலும் பரால்ல. அது என் மட்ல நேரா குந்தணும். இன்னா பண்ணணும் சொல்லுங்கோ."

பெனிட்டா அவனை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். யாழினியை அவன் ஒரு தொடைமேல் குதிரை ஏறுகிற மாதிரி, இரண்டு பக்கமும் கால் தொங்க உட்காரவைத்தார். "இப்படி உட்கார்ந்தா தொடை ரெண்டும் பிரிஞ்சிருக்கும், பந்து குழிக்குள்ள நிக்க நல்லது. இப்ப நெஞ்சுக்கிட்ட பிடிங்க. நாள் ஆக ஆகக் கையை இறக்கணும். விலா, இடுப்பு, அப்புறம் தொடை. அப்புறம் விரல் மட்டும். உங்க காலை மெதுவா ஒரு பக்கம் சாய்ச்சா, அவ முதுகு தானா மறுபக்கம் வரணும். வரலைன்னா விழட்டும், கடைசி நிமிஷத்துல பிடிங்க. முதல்லயே பிடிச்சா அவ எதுக்கு முயற்சி பண்ணணும்?"

எனக்கும் முருகேசனுக்கும் அது வரவில்லை. நான் உட்காரவைத்தால் சாயும் முன்பே பிடித்துவிடுவேன். முருகேசன் இரும்பைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார். பாபுவுக்கு வந்தது. அவன் அதைப் பயிற்சியாகவே செய்யவில்லை. தொடையை ஷேர் ஆட்டோ ஆக்கிவிட்டான்.

"பூந்தமல்லி, கரையான்சாவடி, சென்னீர்க்குப்பம், ஆவடீ! ஏறு ஏறு! ஒரு சீட்டு கீது! போலாம் ரைட்!"

"ரை..." என்பாள் யாழினி.

தொடை ஆடும். "சென்னீர்க்குப்பம் டர்னிங்கு, லெஃப்ட்ல சாயுது!" அவள் கழுத்தும் முதுகும் வலது பக்கம் வரப் போராடும். "பள்ளம், பள்ளம்! காடுவெட்டி பிரிட்ஜ் ஏறுது, முன்னால குனி!" குனிவாள். "பிரேக்கு!" பின்னால் சாயாமல் வயிற்றை இழுத்துப் பிடிப்பாள். பாதி நாள் பருத்திப்பட்டு தாண்டும் முன்பே வண்டி கவிழ்ந்துவிடும். இரண்டு பேரும் பாயில் உருண்டு சிரிப்பார்கள். டூட்டி முடிந்து எத்தனை அலுப்பானாலும் ஒரு டிரிப் அடிக்காமல் அவன் போனதில்லை.

நான் பக்கத்தில் நின்றுகொண்டு என் வேலையைச் செய்வேன். "முதுகு! முதுகு வளையுது! பாப்பா, நேரா குந்து! பாபு, இடது இடுப்பு இறங்குது பாரு!" ஒரு நாள் மையத்திலும் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது பெனிட்டா என் தோளைத் தொட்டார்.

"அக்கா, நீங்க நேரா உட்காருன்னு சொல்லும்போது அவ முகத்தைப் பாக்காதீங்க. காலைப் பாருங்க."

"பாப்பா, நேரா!" என்றேன். யாழினியின் இரண்டு காலும் விறைத்தன. பாதம் நீண்டு குத்திட்டு நின்றது, உடம்பு வில் மாதிரி பின்னால் தள்ளியது. நான் வாயை மூடியதும் மெல்லத் தளர்ந்து பழையபடி ஆனது.

"இவங்களுக்குப் பயந்தாலும் இறுகும். நல்லா செய்யணும்னு ரொம்ப முயற்சி பண்ணாலும் இறுகும். உங்களைத் திருப்திப்படுத்தத்தான் அவ அவ்வளவு கஷ்டப்படறா."

"அப்ப நான் இன்னாதான் மேடம் பண்றது?"

"நீங்க பேசாம இருந்தா அவ முதுகு பாதி நிமிரும்."

முருகேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லத் துணியாததை ஒரு சின்னப் பெண் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஆட்டோ ஓடும் நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அங்கிருந்து எட்டிப் பார்க்காமலிருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் முடிந்து எக்ஸ்ரே எடுக்கும் நாள் வந்தது. முதல் நாளிலிருந்தே என்னால் சாப்பிட முடியவில்லை. படம் எடுக்கும் மேஜையில் இடுப்பு கோணாமல் படுக்கவைக்க வேண்டும், கோணினால் படம் பொய் சொல்லும். நானும் முருகேசனும் கவச அங்கியைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு காலைப் பிடித்தோம். பிறகு வராந்தாவில் காத்திருந்தோம். பெயர் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். திருத்தணிப் பையனின் குச்சிதான் கண்முன்னால் நின்றது. மாரியம்மனிடம் என்னென்னவோ பேரம் பேசினேன். பேரம் பேசுவதில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு எடுத்தார். எடுத்ததையே மறுபடி எடுத்தார்.

"அதே இடத்துலதான் இருக்கும்மா. மேல போகல."

"சரியாய்டுச்சா சார்?"

"சரியாகல. மோசமாகல. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அவ வளர வளரப் பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்."

வெளியே வந்து பாபுவுக்குப் போன் செய்தேன். அவன் வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். "மோசமாவலையாம்டா" என்றேன். "காதுகுத்துக்கு நாள் பாத்துடலாம்க்கா" என்றான்.

பெரியப்பா உட்பட எல்லோரும் கோயிலுக்கு வந்தார்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் யாழினியின் கைகள் பறந்து உடம்பு பின்னால் வளையும் என்பதால், மேளக்காரரிடம் முன்பே சொல்லி, சின்னதாக ஆரம்பித்து மெதுவாகக் கூட்டச் சொல்லியிருந்தோம். மொட்டைத் தலையில் சந்தனம் தடவி, பட்டுப்பாவாடை கட்டி, மணைக்குப் பதில் ஸ்டூலில் உட்கார்ந்த பாபுவின் தொடையில் அவளை ஏற்றினோம். பாபுவின் இரண்டு கையும் அவள் இடுப்பில் இருந்தன. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பயம் எனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆசாரி வலது காதைக் குத்தினார். யாழினி வீறிட்டாள். நான் பயந்தது நடந்தது. உடம்பு வில்லாக வளைந்து பின்னால் போயிற்று, மொட்டைத் தலை பாபுவின் தாடையில் இடித்தது. "கெட்டியாப் புடிங்கோ, காலைப் புடிங்கோ" என்று யாரோ கத்தினார்கள். நாலு கைகள் நீண்டன.

"யாரும் தொடாதீங்கோ!" என்றான் பாபு. இறுக்கிப் பிடிக்கவில்லை. அவள் காதோரம் குனிந்து, "பாப்பா, காடுவெட்டி பிரிட்ஜ் வந்துருச்சி, முன்னால குனி, முன்னால குனி" என்றான். தொடை மெல்ல ஆடியது. அழுதுகொண்டே அவள் முன்னால் குனிந்தாள். வளைந்த உடம்பு மடங்கி நேரானது. ஆசாரி சமயம் பார்த்து இடது காதையும் முடித்துவிட்டார்.

எல்லோரும் பெருமூச்சு விட்டுப் பேச்சில் இறங்கினார்கள். வழக்கப்படி தாய்மாமனுக்கு மாலை போட வேண்டும். முருகேசன் மாலையை எடுத்து வந்து நீட்டினார். பாபு மாலையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் மேலே தூக்கினான். மாலை அவன் காதில் போட்டிருந்த கடுக்கனில் சிக்கிக்கொண்டது. முருகேசன் அதை எடுக்கப் போராட, பாபு கையை உயர்த்தியபடியே, "மாமா, காது போச்சு மாமா" என்று கத்திக்கொண்டிருந்தான். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

யாழினியை யாரும் பிடித்திருக்கவில்லை.

அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவள் மூக்கு ஒழுக அழுதபடி அவன் தொடைமேல் இருந்தாள். கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. பாதம் எதிலும் முட்டுக் கொடுக்கவில்லை. முதுகு வளைந்துதான் இருந்தது. இடது இடுப்பு இறங்கித்தான் இருந்தது. சட்டையாக இருந்திருந்தால் பார்த்த உடனே ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். பாபு அசைந்ததில் அவள் இடது பக்கம் சாய ஆரம்பித்தாள். சாய்ந்தாள், இன்னும் சாய்ந்தாள். என் கை தானாக நீண்டது, "பிடிடா" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் தலை முதலில் வந்தது, பிறகு தோள், பிறகு மெதுவாக முதுகு. நடுவுக்கு வந்து நின்றாள். அழுகையை நிறுத்தி, ஏன் வண்டி நிற்கிறது என்று கேட்கிற மாதிரி மாமனை அண்ணாந்து பார்த்தாள்.

"ரை..." என்றாள்.